தாதாசாஹேப் பால்கேயும் பட்டாணிச் செடியும்

விதை முளைத்தலை அறியாதார் இலர். ஆயின் அது முளைக்குங்கால் அசைதலைக் கண்ணாற் கண்டாரும் இலர். காலையிற் கண்ட முளை மாலையில் சற்றே உயர்ந்து நிற்கும். உயருஞ் செயலோ நமக்குப் புலனாவதில்லை. புலனாகாத அச்செயலைப் படச்சுருளில் அமைத்துக் காட்டியவர், இந்தியத் திரைப்படக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் தாதாசாஹேப் பால்கே ஆவர். அன்னாருடைய சரிதம் கலை பயிலும் மாணாக்கர் யாவரும் அறிந்துகொள்ளத் தக்கது.

இவரது இயற்பெயர் துண்டிராஜ் கோவிந்த பால்கே. நாசிக் நகருக்கு அணித்தாகிய திரியம்பகேசுவரத்தில் 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30-ஆம் நாள் பிறந்தார். 1885-இல் பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியிற் சேர்ந்து சித்திரம் பயின்றார். பின்னர்ப் பரோடாவிலுள்ள கலாபவனத்தை அடைந்தார். அங்கே ஓவியத்தோடு அமையாது, 1890-இல் ஒரு புகைப்படக் கருவியும் வாங்கிப் பழகலானார். கலாபவனத்தின் தலைவராகிய கஜ்ஜர் என்னும் பேராசிரியர், மாணவனது ஆர்வத்தைக் கண்டு, அங்கிருந்த படக்கூடத்தைப் பயன்படுத்த இடந்தந்தார். படம் எடுத்தல், கழுவுதல், அச்சிடுதல் ஆகிய மூன்றும் அங்கேயே இவருக்குக் கைவந்தன.

கல்வி முடிந்தபின் வாழ்க்கை எளிதாக அமையவில்லை. கோத்ராவிற் படக்கூடம் வைத்தார். பிளேக் நோய் மனைவியையும் குழந்தையையும் வாரிச் சென்றது. பின்பு தொல்பொருள் ஆராய்ச்சி இலாகாவிற் சிலகாலம் பணி செய்தார். நம் பழைய திருவிதாங்கூர் ஈன்ற ஓவியர் ரவிவர்மாவின் அச்சகத்திற்கும் உழைத்தார். சொந்தமாக நடத்திய அச்சுத் தொழிலும் கூட்டாளிகளின் பிணக்கினாற் கைவிட்டுப் போயிற்று.

இந்நிலையில், நாற்பது வயதையடைந்திருந்த இவர், பம்பாயில் கிறிஸ்து பெருமானின் வாழ்க்கையைக் காட்டிய படமொன்றைக் கண்டார். நம் நாட்டுப் புராண புருஷரையும் இவ்வாறே திரையில் உலவவிடலாகாதோ என்னும் எண்ணம் அன்றே இவர் உள்ளத்தில் வேரூன்றியது. அதன்பின் இரவுதோறும் படம் பார்த்தலும், கிடைத்த நூல்களைப் படித்தலும், உறக்கத்தைக் குறைத்தலுமாகச் சில மாதங்கள் கழிந்தன. விளைவு யாதெனில், கண்ணொளி மங்கிற்று. கண்ணே கருவியாகிய கலைஞனுக்கு இதனினும் கொடிய இடர் வேறுண்டோ? மருத்துவர் ஒருவரின் நற்சிகிச்சையாற் பார்வை மீண்டது, முயற்சியும் மீண்டது. 1912-இல் இலண்டன் மாநகர் சென்று ஹெப்வொர்த் என்பாரின் படக்கூடத்தில் தொழில் நுணுக்கங்களைக் கண்டறிந்தார்; வில்லியம்சன் கம்பெனியின் படக்கருவி ஒன்றும் வாங்கினார்.

இம்முயற்சிகளுக்குப் பொருளுதவி வேண்டியிருந்தது. பொருளுடையார் நம்பவேண்டுமே! சொல்லால் நம்பாதவரைச் செயலால் நம்புவிக்கத் துணிந்த பால்கே, ஒரு தொட்டியிற் பட்டாணி விதையை ஊன்றி, அதன்முன் கருவியை அசையாது நிறுத்தினார். பல நாட்கள் பொறுமையோடிருந்து, செடி சிறிது சிறிதாக வளர வளரப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவு செய்தார். மௌனப்பட காலத்தில் வினாடிக்குச் சுமார் 16 படங்கள் ஓடுதல் வழக்கம். எனவே ஒரு நிமிஷம் ஓடும் காட்சிக்கு ஏறத்தாழ 960 படங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் அசையாப் படமே. விரைந்து ஓடுங்கால், முன் கண்டதனைப் பின் கண்டதனோடு நம் அறிவு இணைத்து, அசைவாகக் கொள்கின்றது. பெல்ஜிய நாட்டறிஞர் பிளாட்டோ 1832-இல் அமைத்த சுழல்வட்டில், சித்திரங்கள் முடிவின்றித் திரும்பத் திரும்ப ஆடியதும் இத்தன்மையினாலேயே. விதை முளைவிட்டுக் கொடியாகப் படர்வதைச் சிறிது நேரத்திற் கண்டோர் வியந்தனர்; கடன் கொடுக்கவும் முன்வந்தனர்.

ஆயினும் சுமை முழுவதும் குடும்பத்தின்மீதே விழுந்தது. ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் பத்திரம் அடகாயிற்று. இரண்டாம் மனைவியார் சரசுவதிபாயின் நகைகளும் சென்றன. அவ்வம்மையார் படச்சுருளுக்குத் துளையிடவும், அதனைக் கழுவவும் பயின்று, நடிகர் கூட்டத்திற்கு உணவும் சமைத்தார். பெண்கள் நடிக்க மறுத்தமையால், உணவுக்கடையொன்றிற் பணிபுரிந்த சாளுங்கே என்னும் இளைஞர் தாராமதியாக நடித்தார். இவ்வாறு உருவாகிய இராஜா ஹரிச்சந்திரா 1913-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் பம்பாய் காரனேஷன் கொட்டகையிற் பொதுமக்களுக்குக் காட்டப்பெற்றது.

1917-இல் வெளிவந்த இலங்கா தகனம் பெரும்பொருள் ஈட்டிற்று. பேசும்படம் வந்தபின் இவரது செல்வாக்குக் குன்றியது. 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 16-ஆம் நாள் நாசிக்கில் காலமானார். 1969 முதல் இந்திய அரசினர் இவர் பெயரால் விருது வழங்கி வருகின்றனர். இவரைப் போன்றே உடைமையை இழந்து, மலையாளத்தின் முதற் படமாகிய விகதகுமாரனை எடுத்த ஜே. சி. டேனியல், நம் அகஸ்தீசுவரத்தில் இறுதி நாட்களைக் கழித்து, 1975-இல் மறைந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மாணவ நண்பர்களே! இக்காலத்தில் கைப்பேசியொன்றால் சில வினாடிப் படத்தை ஓயாது சுழல வைத்தல் உங்களுக்கு எளிது. எளிதென்று அதனை இகழவேண்டா. கருவி யாதாயினும், ஒவ்வொரு படத்திற்கும் ஒருவன் காத்து நின்றாலன்றிக் கலை பிறவாது. நம் வீட்டு முற்றத்திலும் தொட்டி உண்டு. பயற்று விதையும் உண்டு. பால்கேக்கு இருந்த பொறுமையும் துணிவுமே நாம் தேடிப் பெறவேண்டுவன.