செவாலியர் ஜாக்சன்

செவாலியர் ஜாக்சன் (நவம்பர் 4, 1865 – ஆகஸ்ட் 16, 1958) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டை மருத்துவர் ஆவார். விழுங்கிய பொருள்களையும் மூச்சுடன் உள்ளே சென்ற பொருள்களையும் கழுத்தையோ மார்பையோ கிழிக்காமல் வாய் வழியாகவே வெளியே எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தியவர் இவர். இவரிடம் கொண்டுவரப்பட்டவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒருசேரக் கவனிக்கும் தனி மருத்துவத் துறை அமெரிக்காவில் உருவாக இவர் முதன்மைக் காரணமாக இருந்தார். செவாலியர் என்பது இங்கு விருதுப் பெயரன்று, இவருடைய இயற்பெயராகும்.

இளமையும் கல்வியும்

ஜாக்சன் பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். சிறுவயதில் உடல் மெலிந்தவராக இருந்த இவரை உடன் பயின்ற சிறுவர்கள் கடுமையாகத் துன்புறுத்தினர். ஒருமுறை கண்களைக் கட்டி, கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தினுள் தள்ளிவிட்டனர். இந்நிகழ்வைத் தமது தன்வரலாற்றில் இவர் பதிவு செய்துள்ளார்.

கண்ணாடிப் பொருள்களிலும் பீங்கானிலும் ஓவியம் தீட்டிப் படிப்புச் செலவுக்குப் பணம் ஈட்டினார். 1886 இல் பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று, புகழ்பெற்ற தொண்டை மருத்துவரான மோரல் மெக்கன்சியின் மருத்துவ முறைகளைக் கண்டறிந்தார். 1887 இல் பிட்ஸ்பர்க் திரும்பி மருத்துவத் தொழிலைத் தொடங்கினார்.

அகநோக்கிக் கருவிகள்

1890 ஆம் ஆண்டளவில் உணவுக்குழாயினுள் செலுத்திப் பார்க்கும் குழாய்க் கருவி ஒன்றை ஜாக்சன் வடிவமைத்தார். ஆனால் போதிய பயிற்சியற்றவர்களின் கைகளில் அக்கருவி நோயாளிகளுக்குத் தீங்கு விளைவித்தது. பயிற்சியின்றிக் கருவியை மட்டும் கொடுப்பது ஆபத்தானது என்பதை இதிலிருந்து இவர் உணர்ந்தார். பிற்காலத்தில் இவர் பயிற்சிக்கு அளித்த முதன்மைக்கு இந்த அனுபவமே அடிப்படை எனலாம்.

1897 இல் ஜெர்மானிய மருத்துவர் கஸ்டவ் கில்லியன், மூச்சுக்குழாயின் கிளையில் சிக்கிய எலும்புத் துண்டைக் குழாய் வழியாக எடுத்துக் காட்டினார். ஜாக்சன் இம்முறையை மேலும் வளர்த்தார். குழாயின் உள்முனையில் சிறு மின்விளக்கைப் பொருத்தினார். இதனால் இருண்ட, குறுகிய பாதையின் ஆழத்திலும் பொருளைத் தெளிவாகக் காண முடிந்தது. பொருள்களின் வடிவத்திற்கேற்பப் பலவகை இடுக்கிகளையும் உருவாக்கினார். இத்துறை பற்றிய இவருடைய முதல் நூல் 1907 இல் வெளிவந்தது.

குழுவும் பயிற்சியும்

குழந்தையின் மூச்சுக்குழாய் மிகவும் குறுகலானது. அதில் சிறிய வீக்கம் ஏற்பட்டாலும் மூச்சு நின்றுவிடக்கூடும். எனவே இச்சிகிச்சை ஒருவரால் மட்டும் செய்யக்கூடியதன்று என்பது ஜாக்சனின் உறுதியான கருத்து. உதவியாளர் ஒருவர் நோயாளியின் தலையைத் தாங்கிப் பிடித்து, குழாய் செல்லும் திசைக்கேற்ப அதனை உயர்த்தியும் தாழ்த்தியும் தருவார். இந்நிலை, இவருடன் பணியாற்றிய மருத்துவர் பாய்ஸின் பெயரால் அழைக்கப்படுகிறது.

சிக்கியுள்ள பொருளைப் போன்ற மற்றொன்றை இரப்பர்க் குழாயினுள் வைத்து, அதனை எடுக்கும் வழியை முன்கூட்டியே பழகிப் பார்க்கும்படி மாணவர்களுக்குக் கற்பித்தார். திறந்த ஊக்கு, கூர்முனை மேல்நோக்கிய நிலையில் உணவுக்குழாயில் சிக்கினால், நேராக இழுக்கும்போது அது குழாயைக் கிழித்துவிடும். அத்தகைய நிலையில் ஊக்கை இரைப்பைக்குள் தள்ளி, அங்கே திருப்பி, பின் வெளியே எடுக்கும் முறையை இவர் கையாண்டார். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தராமலே சிகிச்சை செய்தார்.

இரைப்புடன் வரும் குழந்தைகள் அனைவருக்கும் ஆஸ்துமா என முடிவு செய்துவிடலாகாது என்றும் எச்சரித்தார். மூச்சுக்குழாயில் புகுந்த வேர்க்கடலை எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியாது. ஆயினும் கடும் அழற்சியை உண்டாக்கும்.

எரிசோடாவும் 1927 ஆம் ஆண்டுச் சட்டமும்

அக்காலத்தில் அமெரிக்க வீடுகளில் சோப்பு செய்யவும் கழிவுநீர்க் குழாய்களைத் தூய்மைப்படுத்தவும் எரிசோடா பயன்பட்டது. சர்க்கரை என எண்ணிக் குழந்தைகள் அதனை வாயிலிட்டனர். உயிர் பிழைத்தவர்களின் உணவுக்குழாய் வெந்து, தழும்பேறிச் சுருங்கியது. அவர்களால் தண்ணீரையும் விழுங்க இயலவில்லை. சுருங்கிய குழாயைச் சிறிது சிறிதாக விரிவாக்க மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்பட்டது.

இவ்வாறு பாதிக்கப்பட்டுப் பல நாள்கள் தண்ணீரும் இறங்காதிருந்த ஏழைச் சிறுமி ஒருத்தியைப் பற்றி ஜாக்சன் தமது தன்வரலாற்றில் எழுதியுள்ளார். குழாய் வழியாக அடைப்பை நீக்கியபின் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டது. மூச்சுத் திணறும் என அஞ்சி மெதுவாகப் பருகிய அவள், தண்ணீர் இறங்கியதை உணர்ந்ததும் அவருடைய கையை முத்தமிட்டாள்.

மருத்துவத்தால் மட்டும் இத்துன்பத்தைத் தடுக்க முடியாது என உணர்ந்த ஜாக்சன், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் துணையுடன் பல ஆண்டுகள் பரப்புரை செய்தார். அதன் பயனாக, அரிக்கும் நச்சுப்பொருள்களுக்கான கூட்டாட்சிச் சட்டத்தில் 1927 மார்ச் 4 அன்று குடியரசுத் தலைவர் கால்வின் கூலிட்ஜ் கையொப்பமிட்டார். இதன்படி எரிசோடா முதலிய 12 வகைப் பொருள்களின் கலன்களில் நஞ்சு என்ற எச்சரிக்கையும் முதலுதவி முறையும் அச்சிடப்பட வேண்டியிருந்தது. வீட்டுப் பொருள்களின் ஆபத்திலிருந்து குழந்தைகளைக் காக்கும் தொடக்ககாலச் சட்டங்களுள் இது குறிப்பிடத்தக்கது.

பிற பணிகள்

1916 இல் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரான ஜாக்சன், பின்னர் பிலடெல்பியாவின் பிற மருத்துவக் கல்லூரிகளிலும் கற்பித்தார். 1917 இல் அமெரிக்க மூச்சுக்குழல் அகநோக்கியியல் சங்கம் தொடங்கப்பட்டதில் இவருக்கு முதன்மைப் பங்குண்டு. குரல்வளைக்கு மிக அருகில் மூச்சுக்குழாயைத் துளையிடுவதால் நிலையான குரல்வளைச் சுருக்கம் ஏற்படுகிறது என்பதை 1921 இல் விளக்கினார். துளையைச் சற்றுக் கீழே இடும் இவருடைய முறை பரவலாக ஏற்கப்பட்டது.

காசநோயால் பலமுறை பாதிக்கப்பட்டபோதும், படுக்கையிலிருந்த காலத்தை நூல்கள் எழுதப் பயன்படுத்தினார். இரு கைகளாலும் வரையும் திறன் பெற்ற இவர், வகுப்பில் வண்ணச் சுண்ணக்கட்டிகளால் படம் வரைந்து விளக்கினார். 1935 முதல் 1941 வரை பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்தார். இவருடைய மகன் செவாலியர் லாரன்ஸ் ஜாக்சனும் இதே துறையில் மருத்துவரானார்.

நினைவுகள்

ஜாக்சன் வெளியே எடுத்த ஊக்குகள், பொத்தான்கள், நாணயங்கள், எலும்புத் துண்டுகள், பொம்மைகள் உள்ளிட்ட 2,374 பொருள்கள் பிலடெல்பியாவின் முட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. வெறும் வேடிக்கைப் பொருள்களாக அல்லாமல், பிற மருத்துவர்கள் கற்பதற்குரிய சான்றுகளாகவே இவர் அவற்றைப் பாதுகாத்தார்.

இவர் 1958 இல் தமது 92 ஆம் அகவையில் காலமானார். வளையும் அகநோக்கிகள் பின்னர் வந்துவிட்டபோதிலும், குழந்தைகளின் மூச்சுக்குழாயில் சிக்கிய பொருள்களை எடுக்க விறைப்பான குழாய்க் கருவி இன்றும் பயன்படுகிறது. குழந்தைகளின் மூச்சுப் பாதையையும் உணவுப் பாதையையும் ஒருங்கே கவனிக்கும் சிறப்பு மருத்துவக் குழுக்கள் தற்போது பல மருத்துவமனைகளில் இயங்கி வருகின்றன.