23 வயதில் மறைந்த ‘எல்மைரா எக்ஸ்பிரஸ்’

அமெரிக்காவில் பள்ளிக்கூட மாணவர்கள் ஆடும் கால்பந்து சாதாரண விஷயம் அல்ல. வெள்ளிக்கிழமை இரவு பந்தயம் என்றால் ஊரே மைதானத்தில் கூடிவிடும். பையனின் அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் அங்கே இருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு வாக்குவாதம் ஓயாமல் நடக்கும். எங்கள் மாநிலத்துப் பள்ளிகளில் இதுவரை ஆடியவர்களிலே யார் பெரியவர் என்பதே அது.

நியூயார்க் மாநிலத்தில் இந்தப் பேச்சு எழுந்தால், நகரத்துக்காரர்கள் புரூக்ளினில் எராஸ்மஸ் ஹால் பள்ளியில் படித்த சிட் லக்மன் பெயரைச் சொல்வார்கள். லாங் ஐலண்ட் தீவுக்காரர்கள் மன்ஹாசெட் பள்ளியில் ஆடிய ஜிம் பிரவுனை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், பென்சில்வேனியா எல்லையை ஒட்டி எல்மைரா என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் எர்னி டேவிஸ்.

இவர்களில் பிரவுனும் லக்மனும் பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்தவர்கள். எர்னி டேவிஸ் அந்த ஆட்டத்தில் ஒரு பந்தயம் கூட ஆடவில்லை. அப்படியும் அவர் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து இறங்கவில்லை.

அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவில் இருக்கும். காலால் உதைப்பது குறைவு. கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதே அதிகம். எதிர்க்கட்சிக்காரர்கள் மேலே விழுந்து மடக்கிச் சாய்ப்பார்கள். சடுகுடுவில் பாடிப் போனவனைப் பிடிப்பது போலத்தான். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் ‘டச் டவுன்’. பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவருக்குக் கால் வேகமும் வேண்டும், அடி தாங்கும் உடம்பும் வேண்டும்.

தாத்தா வீட்டில் வளர்ந்தவர்

எர்னி டேவிஸ் 1939-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி பென்சில்வேனியா மாநிலத்தில் நியூ சேலம் என்ற இடத்தில் பிறந்தார். தகப்பனார் விபத்தில் இறந்துவிட்டார். தாயார் மிக இளம் வயதுக்காரர். தனியாகப் பிள்ளையை வளர்க்க வசதி இல்லை. குழந்தைக்கு ஒரு வயது கடந்த சமயத்தில், யூனியன் டவுன் ஊரில் இருந்த தாத்தா பாட்டியிடம் விட்டார். தாத்தா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. வீட்டில் கண்டிப்பு உண்டு, அன்பும் உண்டு.

சிறு வயதில் எர்னிக்குத் திக்குவாய். நாலு பேர் நடுவே பேசக் கூச்சப்படுவார். கையில் பந்தைக் கொடுத்தால் மட்டும் அந்தக் கூச்சம் காணாமல் போய்விடும்.

12 வயதானபோது தாயார் மறுமணம் செய்துகொண்டு எல்மைராவில் குடியேறியிருந்தார். மகனை அங்கே அழைத்துக்கொண்டார். வேலை கிடைத்த ஊரில் குடித்தனம் வைத்து, வீடு நிலைத்த பிறகு பிள்ளையை ஊரிலிருந்து அழைத்துக்கொள்வது எந்த நாட்டிலும் நடப்பதுதான். அப்படி வந்தேறியாக வந்த பையன் ஐந்தாறு வருஷத்தில் அந்த ஊரின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டான்.

52 வெற்றிகள்

எல்மைரா பிரீ அகாடமி என்பது அவர் படித்த உயர்நிலைப் பள்ளி. கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் என்று மூன்றிலும் ஆடினார். கூடைப்பந்தில் அந்தப் பள்ளி தொடர்ச்சியாக 52 பந்தயங்களில் ஜெயித்தது. அந்தக் கோஷ்டியின் தூண் எர்னி. கூடைப்பந்தே அவருக்கு ஏற்ற ஆட்டம் என்று சொன்னவர்களும் உண்டு. கால்பந்தில் நாடு முழுவதற்கும் பொறுக்கி எடுக்கும் பள்ளி மாணவர் பட்டியலில் இரண்டு முறை இடம் பெற்றார்.

‘எல்மைரா எக்ஸ்பிரஸ்’ என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. வேகமாக ஓடுகிறவர்களுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைப்பது அமெரிக்கப் பத்திரிகைக்காரர்களின் பழைய பழக்கம். அடித்துச் சாய்த்த எதிரியைக் கைகொடுத்துத் தூக்கிவிடும் எக்ஸ்பிரஸ் இது ஒன்றுதான் என்று எல்மைராக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

ஜிம் பிரவுன் விட்ட சட்டை

இங்கே ஜிம் பிரவுன் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவரும் வந்தேறிதான். பிறந்தது தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில். தாயார் மன்ஹாசெட்டில் வீட்டு வேலை செய்து வந்தார். 8 வயதில் பிரவுன் தாயாரிடம் வந்து சேர்ந்தார். பள்ளியின் கடைசி வருஷத்தில், பந்தைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சராசரி 14.9 கெஜம் ஓடினார். கூடைப்பந்தில் பந்தயத்துக்குச் சராசரி 38 புள்ளிகள்.

இவ்வளவு இருந்தும் சிராக்யூஸ் பல்கலைக்கழகம் அவருக்கு முதலில் உதவித்தொகை கொடுக்கவில்லை. மன்ஹாசெட் வக்கீல் ஒருவர் ஊராரிடம் பணம் திரட்டி அவரை அனுப்பி வைத்தார். அங்கே போன பிறகும் ஆரம்பத்தில் அவரைப் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவர் கருப்பர் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் தேட வேண்டியதில்லை. பிறகு அதே பல்கலைக்கழகம் அவரால் புகழ் பெற்றது.

ஐந்து வருஷத்தில் காலம் மாறியது. எர்னி பள்ளியை முடித்த 1958-ல் பல கல்லூரிகள் அவரைத் தேடி வந்தன. சிராக்யூஸ் பயிற்சியாளர் பென் ஸ்வார்ட்ஸ்வால்டர் எல்மைராவுக்கு நடையாக நடந்தார். எர்னியை இணங்க வைக்க ஜிம் பிரவுனே வந்து பேசினார். எர்னி சிராக்யூஸில் சேர்ந்தார். பிரவுன் அணிந்திருந்த 44-ம் எண் சட்டை அவருக்குக் கிடைத்தது.

டல்லாஸ் விருந்து

1959-ல் சிராக்யூஸ் ஒரு பந்தயத்திலும் தோற்கவில்லை. 1960-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி டல்லாஸ் நகரில் ‘காட்டன் பவுல்’ பந்தயம். எதிரே டெக்சாஸ் பல்கலைக்கழகம். எர்னிக்குத் தொடையில் தசைப்பிடிப்பு. ஆடுவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. பந்தயம் ஆரம்பித்த சிறிது நேரத்திலேயே தூக்கி எறிந்த பந்தைப் பிடித்து ஓடி டச் டவுன் போட்டார். பந்து கடந்த தூரம் 87 கெஜம். சிராக்யூஸ் 23-14 என்று வென்றது. சிறந்த ஆட்டக்காரர் பரிசு எர்னிக்கு.

அன்று இரவு விருந்து. பரிசை வாங்கிய பிறகு கருப்பு ஆட்டக்காரர்கள் வெளியேறிவிட வேண்டும் என்று சொல்லப்பட்டது. அதன் பின் நடந்ததை உடன் இருந்தவர்களே வேறுவேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். கோஷ்டியே விருந்தைப் புறக்கணித்தது என்பார் ஒருவர். சாப்பிட்டு முடித்து எழுந்து போனார்கள் என்பார் மற்றவர். பகலில் தங்கள் மைதானத்தில் ஜெயித்துக் காட்டியவருக்கு இரவில் தங்கள் மண்டபத்தில் இடம் இல்லை என்றார்கள் என்பதில் மட்டும் மாறுபாடு இல்லை.

கல்லூரியில் மூன்று பருவங்களில் எர்னி ஓடியது 2,386 கெஜம். எடுத்த புள்ளிகள் 220. சிராக்யூஸில் ஜிம் பிரவுன் வைத்துவிட்டுப் போன கணக்குகளை அவர் முறியடித்தார். அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பரிசு ‘ஹைஸ்மன்’ கோப்பை. 1935 முதல் கொடுக்கப்பட்டு வந்த அந்தக் கோப்பையை 1961-ல் எர்னி பெற்றார். அதைப் பெற்ற முதல் கருப்பர் அவரே. அந்தச் சமயம் நியூயார்க்கில் இருந்த ஜனாதிபதி கென்னடி அவரைச் சந்திக்க விரும்பி அழைத்துக் கைகுலுக்கினார். சுரங்கத் தொழிலாளியின் பேரனுக்கு அப்போது வயது 21.

கண்ட மாற்றம்

தொழில்முறை ஆட்டத்தில் கருப்பர்களைச் சேர்க்காமல் கடைசி வரை பிடிவாதம் செய்தது வாஷிங்டன் கோஷ்டி. அவர்கள் ஆட வேண்டிய மைதானம் மத்திய அரசின் நிலத்தில் இருந்தது. பாகுபாடு காட்டினால் மைதானம் இல்லை என்று அரசு சொல்லிவிட்டது. வேறு வழியின்றி வாஷிங்டன் முதல் ஆளாக எர்னி டேவிஸைத் தேர்ந்தெடுத்தது. உடனே அவரை கிளீவ்லண்ட் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டு, பதிலாக பாபி மிட்செல் என்ற கருப்பு ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டது.

கிளீவ்லண்டில் ஏற்கனவே இருந்தவர் ஜிம் பிரவுன். இருவரும் ஒரே கோஷ்டியில் ஓடப் போகிறார்கள் என்று ரசிகர்கள் குதூகலித்தார்கள். புது ஆட்டக்காரர் ஒருவருக்கு அதுவரை பேசப்படாத பெரிய தொகைக்கு எர்னியோடு ஒப்பந்தம் ஆனது.

1962-ம் ஆண்டு கோடையில் சிகாகோ பந்தயம் ஒன்றுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் காலை கழுத்து வீங்கியிருந்தது. புட்டாளம்மை என்று முதலில் நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் பரிசோதித்ததில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவரிடம் உடனே சொல்லவில்லை. அக்டோபரில்தான் சொன்னார்கள். இன்று அந்த வியாதிக்கு இருக்கும் சிகிச்சைகள் அன்று இல்லை.

ஆகஸ்டு மாதம் கிளீவ்லண்ட் மைதானத்தில் ஒரு பயிற்சிப் பந்தயத்தின்போது அவரை ரசிகர்களுக்கு அறிமுகம் செய்தார்கள். விளக்குகளை அணைத்து, ஒரு விளக்கை மட்டும் அவர் மேல் பாய்ச்சினார்கள். 45-ம் எண் சட்டையோடு தனியாக ஓடி வந்தார். அந்தச் சட்டையில் அவர் மைதானம் இறங்கியது அந்த ஒரு தடவைதான்.

இடையில் நோய் சற்று அடங்கியது. ஆட விடலாம் என்றார் முதலாளி ஆர்ட் மாடெல். கூடாது என்றார் பயிற்சியாளர் பால் பிரவுன். 1963 ஜனவரியில் பால் பிரவுன் நீக்கப்பட்டதற்குச் சொல்லும் காரணங்களில் இந்தத் தகராறும் ஒன்று. இதில் பால் பிரவுனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஒரு தடவையாவது ஆடிப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை ஏங்கியதையும் குறை சொல்ல முடியாது.

1963-ம் ஆண்டு மே 16-ந் தேதி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மே 18-ந் தேதி காலமானார். வயது 23.

உடல் எல்மைராவுக்குக் கொண்டு வரப்பட்டது. 50 ஆயிரம் பேர் கூட இல்லாத அந்த ஊரில் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். கென்னடி இரங்கல் தந்தி அனுப்பினார். உட்லான் மயானத்தில் அடக்கம் நடந்தது. எழுத்தாளர் மார்க் ட்வைன் கல்லறை இருப்பதும் அங்கேதான்.

யார் பெரியவர்?

வாக்குவாதத்துக்கு வருவோம். ஜிம் பிரவுனுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் அவருடைய ஒன்பது வருஷத் தொழில்முறை ஆட்டத்தையும், அதில் ஓடிய 12,312 கெஜத்தையும் காட்டுவார்கள். பெரிய கணக்குதான். ஆனால் கேள்வி பள்ளி ஆட்டத்தைப் பற்றியது. 29 வயதில் ஓடிய கெஜத்தை 17 வயதுப் பையனின் தராசில் போடுவது சரியல்ல. அப்படிப் போட்டால், எர்னிக்கு எதிர்த்தட்டில் போட ஒன்றுமே இருக்காது. நோய் எடுத்துக்கொண்டதற்கு அவர் பொறுப்பாளி அல்லவே.

பள்ளிக் கணக்கை மட்டும் வைத்தால் பிரவுனின் 14.9 கெஜம் மலைக்க வைக்கிறது. ஆனால் பள்ளி முடிந்த கையோடு, அதே பல்கலைக்கழகத்தில், அதே எண் சட்டையில் எர்னி அவரைத் தாண்டினார். பிரவுனுக்கு ஆரம்பத்தில் பந்தையே கொடுக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பள்ளிப் பருவத்துக்கான முதலிடத்தை எர்னிக்குக் கொடுப்பதில் தவறில்லை. மொத்த ஆட்டத்துக்கு ஜிம் பிரவுனை மிஞ்ச ஆள் இல்லை.

ஜிம் பிரவுன் 87 வயது வரை வாழ்ந்து 2023-ல் காலமானார். அவர் இறந்த தேதியும் மே 18.

ஒரு பந்தயமும் ஆடாத எர்னியின் 45-ம் எண்ணை கிளீவ்லண்ட் கோஷ்டி வேறு எவருக்கும் கொடுப்பதில்லை. 44-ம் எண்ணை சிராக்யூஸ் 2005-ல் நிறுத்தி வைத்தது. 2008-ல் அங்கே எர்னிக்கு வெண்கலச் சிலை திறந்தார்கள். திறந்த பிறகுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எர்னி காலத்தில் இல்லாத ‘நைக்’ கம்பெனியின் முத்திரை சிலையில் இருந்தது. தலைக்கவசமும் இந்தக் காலத்து மாதிரி. பிறகு அதைத் திருத்தினார்கள். எல்மைராவில் அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அங்கேயும் வாசலில் ஒரு சிலை நிற்கிறது.