தொடக்கம் தெரியாமல் வென்ற சுல்தான்கான்

சதுரங்கத்தை மராத்தியர் ‘புத்திபள்’ என்பார்கள். புத்தியின் பலம் என்பது பொருள். அந்தப் பலத்தை லண்டன் மாநகரிலேயே நிலைநாட்டிய இந்தியர் மீர் சுல்தான்கான். இன்று பாகிஸ்தானில் உள்ள மீட்டா திவானா கிராமத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையிடம் ஆட்டம் பயின்றார்.

அவர் பயின்றது நம் நாட்டு முறை. அதில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். ராஜா ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். இரு தரப்பாரும் நிதானமாகக் காய்களை அடுக்கிக் கொண்டு பிறகுதான் மோதுவார்கள். ஆரம்பத்தில் செய்த பிழையைத் திருத்திக் கொள்ள அவகாசம் உண்டு.

ஐரோப்பிய முறையில் அந்தச் சலுகை கிடையாது. சிப்பாய் எடுத்த எடுப்பிலேயே இரண்டு கட்டம் பாயலாம். ராணியும் மந்திரியும் உடனே களத்தில் இறங்கி விடும். ராஜாவின் பக்கத்து மந்திரிக்கு முன்னே நிற்கும் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. அதைக் கவனியாதவர் நாலாவது நகர்த்தலிலேயே ‘மேட்’ ஆகி எழுந்து போக வேண்டியதுதான். இந்தத் தொடக்கங்களை ஐரோப்பிய வீரர்கள் நூல்களாக எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்தனர்.

சுல்தான்கானின் திறமையைக் கண்டு ஆதரித்தவர் பஞ்சாப் பிரபு சர் உமர் ஹயாத்கான். அவர் ஆதரவில் ஐரோப்பிய முறையைக் கற்று, 1928இல் அகில இந்தியப் போட்டியில் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் வென்றார், ஒன்று சமன்.

1929இல் லண்டன் சென்றார். அங்கே நடந்த பயிற்சிப் போட்டியில் கடைசி இடத்தைத்தான் பகிர்ந்து கொள்ள முடிந்தது. தொடக்க ஆட்டம் தெரியாத குறை வெளிப்பட்டு விட்டது. வின்டர், யேட்ஸ் என்ற இரு ஆங்கில வீரர்கள் அவருக்குப் பயிற்சி அளித்தனர். அதே கோடையில் அவர் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்! 1932, 1933 ஆண்டுகளிலும் பட்டம் அவருக்கே.

தொடக்கத்தில் அவர் பின்தங்கிய ஆட்டங்கள் பல. ஆனால் பின்தங்கினாலும் பதற மாட்டார். காய்கள் குறைந்து, நூல்கள் கைவிடும் கட்டத்தில் அவருடைய பொறுமையே ஆயுதம். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவை 65 நகர்த்தல்களில் வீழ்த்தியது அப்படித்தான்.

1933 இறுதியில் பிரபுவுடன் தாயகம் திரும்பினார். 1935இல் வி. கே. காடில்கருடன் ஆடிய பத்து ஆட்டங்களில் ஒன்பதில் வென்று, ஒன்றை மட்டும் சமன் செய்தார். அதன் பிறகு பெரும் போட்டி எதிலும் அவர் இல்லை. சர்கோதா பகுதியில் விவசாயியாக வாழ்ந்து, 1966இல் காச நோயால் மறைந்தார்.

உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1950இல் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியபோது அவர் உயிரோடு இருந்தார். பட்டியலில் பெயர் இல்லை. 2024இல்தான் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவரைத் தேடி வந்தது. அவர் இறந்து 58 ஆண்டுகள் கழித்து.

ஆட்டத்தின் தொடக்கத்தில் நேர்ந்த குறையை அவர் உழைத்துச் சரி செய்து கொண்டார். ஐரோப்பிய அரங்கில் அவருக்குக் கிடைத்தவையோ ஐந்தே ஆண்டுகள்.