அரராத்து மலை ஏறிய ஆசிரியர்

ஆண்டு விழா மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் பணித்தபோது, நம் நாட்டுச் சான்றோர் பலர் நினைவிற்கு வந்தனர். அவர்களைப் பற்றி எழுத என்னினும் கற்றோர் இக்காலனியில் உளர். யானோ மெட்ரிக்குலேஷனுக்கு மேல் படிக்க வாய்ப்பின்றி ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தவன். ஆதலின், எழுத்தராக வேலை பார்த்துப் பின்னர் பல்கலைக்கழகம் புகுந்த ஒருவரின் வரலாறு என் உள்ளத்தைக் கவர்ந்தது. அவர்தாம் ஆர்மீனிய நாட்டு அறிஞர் கச்சத்தூர் அபோவியன்.

ஆர்மீனியர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். சென்னையில் நாம் அரண்மனைக்காரத் தெரு என்று வழங்குவது ஆர்மீனியர் வாழ்ந்த தெருவே. உலகில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதற் பத்திரிகையான ‘அஸ்தரார்’, 1794-ஆம் ஆண்டில் நம் சென்னையில்தான் அச்சேறியது. கல்கத்தாவில், ஹூக்ளி நதியின்மீது முதற் பாலம் அமையுமுன், ரயில் பயணிகள் ஆர்மீனியன் காட் என்னும் படித்துறையில் டிக்கெட் பெற்றுப் படகேறி ஹௌராவை அடைந்தனர். பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து வந்த அம்மக்கள், வந்த இடத்திலும் தம் மொழியைக் கைவிடவில்லை.

அபோவியன் 1809-ஆம் ஆண்டில், எரெவான் நகருக்கு அருகிலுள்ள கனகேர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் அப்பகுதி பாரசீக ஆட்சியின்கீழ் இருந்தது. மகனைத் துறவியாக்க விரும்பிய தந்தை, பத்து வயதில் அவரை எச்மியாட்சின் திருமடத்தில் சேர்த்தார். அங்குச் சில ஆண்டுகள் பயின்றபின், திப்லிஸ் நகரில் நெர்சிசியன் பள்ளியில் கல்வியைத் தொடர்ந்தார். வெனிஸ் நகருக்குச் சென்று மேலும் படிக்க எண்ணியிருந்த வேளையில், 1826-ல் ருஷியாவுக்கும் பாரசீகத்திற்கும் போர் மூண்டது. இளைஞரின் எண்ணம் கனவாய்ப் போயிற்று. சிறிது காலம் மடமொன்றில் ஆசிரியராக இருந்தார். பிறகு எச்மியாட்சினில் தலைமைக் குருவிடம் எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1828-ல் ஏற்பட்ட உடன்படிக்கையால் எரெவான் பகுதி ருஷியர் வசமாயிற்று.

கோப்புகளோடு முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை, 1829-ல் திசை மாறியது. தோர்ப்பாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரெடெரிக் பாரோட் என்பவர், அரராத்து மலையில் ஏறும் நோக்கத்துடன் அவ்வாண்டு வந்து சேர்ந்தார். அவருக்கு மொழிபெயர்ப்பாளராக அபோவியன் அனுப்பப்பட்டார். நோவாவின் பேழை தங்கியதாகக் கருதப்படும் அம்மலை ஏறக்குறைய 5,137 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியை மானிடர் மிதித்தல் தகாது, இயலவும் இயலாது என்பது அந்நாட்டு மக்களின் நம்பிக்கை. இருமுறை முயன்று திரும்பிய குழுவினர், மூன்றாம் முறை உச்சியை அடைந்தனர். பாரோட்டும், அபோவியனும், ஆர்மீனியக் குடியானவர் இருவரும், ருஷியச் சிப்பாய்கள் இருவருமாக அறுவர் அங்கு நின்றனர். பனியைத் தோண்டி மரச்சிலுவையொன்றை நாட்டிய அபோவியன், உச்சிப் பனிக்கட்டியைப் புனித நீராகக் கருதிப் புட்டியில் எடுத்து இறங்கினார். கங்கை நீரைச் செம்பில் அடைத்து ஊருக்குக் கொண்டுசெல்லும் நமக்கு அவருடைய உள்ளம் விளங்கும். ஆயினும் அவர்கள் உச்சியை அடைந்ததைப் பலர் நம்ப மறுத்தனர்.

இளைஞரின் அறிவு வேட்கையைக் கண்ட பாரோட், ருஷிய அரசிடம் முயன்று உதவிச் சம்பளம் பெற்றுத் தந்தார். 1830-ஆம் ஆண்டில் அபோவியன் தோர்ப்பாத் சென்றார். இன்று எஸ்தோனியா நாட்டில் தார்த்து என வழங்கும் அந்நகரில் கல்வி யாவும் ஜெர்மன் மொழியிலேயே நடைபெற்றது. இருபதைக் கடந்த வயதில், புதிய மொழியில், புதிய பாடங்களை அவர் தொடக்கத்திலிருந்து கற்க நேர்ந்தது. 1836 வரை அங்குத் தங்கி மெய்ப்பொருளியல், மொழியியல் முதலியவற்றைப் பயின்றார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தேர்ச்சி எய்தினார். தாம் பெற்ற பேறு பிறர்க்கும் கிட்ட வேண்டுமென்று ஆர்மீனிய இளைஞர் சிலர் அங்கு வந்து பயிலத் துணை நின்றார். அவர்களுள் ஒருவரான ஸ்தெபானோஸ் நசாரியன், பின்னாளில் காசான் பல்கலைக்கழகத்தில் ஆர்மீனிய மொழி கற்பிக்கும் நிலைக்கு உயர்ந்தார்.

கற்றுத் திரும்பியவரைத் தாய்நாடு மாலையிட்டு வரவேற்கவில்லை. அவருடைய புதிய கல்வி முறையைக் குருமார்கள் ஐயத்துடன் நோக்கினர். அரசுப் பள்ளியில் பணியேற்று, முதலில் திப்லிசிலும், 1843 முதல் எரெவானிலும் பள்ளித் தலைவராக இருந்தார்.

வகுப்பில் அவர் கண்ட ஓர் உண்மை அவரை வாட்டியது. மாணவர் ஜெர்மன், ருஷிய நூல்களை ஆவலுடன் படித்தனர்; தாய்மொழி நூலைக் கண்டால் முகம் சுளித்தனர். காரணம் யாது? அந்நூல்கள் கிராபார் எனப்படும் பண்டைய இலக்கிய நடையில் இருந்தன. மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்னும் பெரியார் கி.பி. 405-ஆம் ஆண்டளவில் எழுத்தை வகுத்த காலம் முதல் வளர்ந்த அந்நடை பெருமையுடையது. ஆனால் அடுக்களையிலும் கழனியிலும் ஒருவரும் அதனைப் பேசவில்லை. பிள்ளைகள்மீது குற்றமில்லை என அபோவியன் தெளிந்தார். குழந்தைகட்கு எளிய நடையில் முதற்பாட நூல் எழுதினார். 1841-ல், தம் கனகேர் ஊர்ப் பேச்சு நடையில், ‘ஆர்மீனியாவின் புண்கள்’ என்னும் புதினத்தை இயற்றினார். பாரசீக ஆட்சிக் கொடுமையை எதிர்த்தெழுந்த அகாசி என்னும் வீரனின் கதை அது. அம்மொழியின் புதிய இலக்கியத்திற்கு அதுவே அடிக்கல் என்று அறிஞர் போற்றுகின்றனர்.

ஆனால் அதனை அச்சில் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் அதிகாலை வீட்டை விட்டுப் புறப்பட்டவர் திரும்பவே இல்லை. பகைவர் கொன்றனர் என்பாரும், அரசினர் சைபீரியாவுக்குக் கொண்டுபோயினர் என்பாரும், தாமே உயிர் நீத்தார் என்பாரும் உளர். உண்மை இன்றளவும் தெரியவில்லை. மனைவியும் இரு மக்களும் காத்திருந்ததே மிச்சம். பத்தாண்டுகள் கழித்து, 1858-ல், அவருடைய புதினம் திப்லிசில் வெளிவந்தது.

1991 முதல் ஆர்மீனியா தனி நாடாக விளங்குகிறது. எரெவானில் ஆசிரியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் அபோவியன் பெயரையே தாங்கி நிற்கிறது. பல்கலைக்கழகத்திற்குள் அன்னியராய் நுழைந்தவரின் பெயரை இன்று ஒரு பல்கலைக்கழகம் தன் வாயிலில் பொறித்துள்ளது.

காலனித் தாய்மார்களே, தந்தைமார்களே! நம் பிள்ளைகள் இந்தியும் ஆங்கிலமும் நன்கு படிக்கின்றனர், அது வேண்டுவதே. தமிழ்ப் புத்தகத்தைக் கண்டு அவர்கள் முகம் திருப்பும்போது நாம் கடிந்து பேசுகிறோம். என் வீட்டிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அபோவியன் வரலாற்றை அறிந்தபின் கடிவதை நிறுத்தினேன். இரவு உணவிற்குப் பின், என் பாட்டி சொன்ன கதைகளை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லத் தொடங்கினேன். இப்போது என் இளைய மகள் அவற்றைத் தன் கையாலேயே தமிழில் எழுதி வைக்கிறாள். எழுத்துப் பிழைகள் பல உண்டு. யான் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பிற்கு அவளுடன் உங்கள் பிள்ளைகளையும் அனுப்பி வைப்பீர்களாக.