கடல் கடந்த கூலிகளுக்காகப் பேசிய கோகலே

கோபால கிருஷ்ண கோகலே என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, அவர் காந்தியடிகளின் அரசியல் குரு என்ற ஒரே ஒரு வரிதான். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். ஆனால் ஒரு வெள்ளைக்கார அரசின் சட்டசபையில், வாக்கெடுப்பில் ஒருபோதும் வெல்ல முடியாத இடத்தில் அமர்ந்துகொண்டு, கடலுக்கு அப்பால் கரும்புத் தோட்டங்களில் வாடிய நம் தமிழ் மக்களுக்காக வழக்காடியவர் அவர் என்பதை அறிந்தவர் சிலரே. அவரது வாழ்க்கையின் அந்தப் பகுதியைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

மராட்டிய மண்ணில் இரத்தினகிரி மாவட்டத்தைச் சேர்ந்த கோத்லுக் என்னும் சிற்றூரில் 1866 மே 9-ஆம் நாள் கோகலே பிறந்தார். குடும்பம் ஏழ்மையானது. அவருக்கு 13 வயதாகும்போது தந்தை இறந்துவிட்டார். அண்ணன் கோவிந்தராவ் தம் படிப்பை நிறுத்திவிட்டு மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்து, அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பினார். மீதி 7 ரூபாயில் அந்த அண்ணன் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று எண்ணிப் பாருங்கள் தோழியரே! பெரியோர் வரலாறுகளில் இத்தகைய அண்ணன்மாருக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை.

1884-இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்ற கோகலே, அதிகச் சம்பளம் தரும் வேலையைத் தேடிப் போகவில்லை. புனாவில் தக்காணக் கல்விக் கழகத்தில் சேர்ந்து, பெர்குசன் கல்லூரியில் குறைந்த ஊதியத்துக்குப் பாடம் நடத்தினார். அவர் எழுதிய கணக்குப் புத்தகம் பள்ளிகளில் நெடுங்காலம் பயன்பட்டது. நீதிபதி ரானடே அவருக்கு ஆசானாக வாய்த்தார். அரசின் அறிக்கைகளை வரி வரியாகப் படித்துப் புள்ளி விவரங்களைத் திரட்டும் பழக்கத்தை ரானடேயிடம்தான் அவர் கற்றார்.

அவர் வாழ்வில் ஒரு பெரிய அவமானமும் நேர்ந்தது. 1897-இல் புனாவில் பிளேக் நோய் பரவியபோது, வீடு வீடாகச் சோதனை போட்ட வெள்ளைச் சிப்பாய்கள் பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக ஊரிலிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. அப்போது இலண்டனில் இருந்த அவர் அதைப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். திரும்பி வந்து சான்று கேட்டபோது, எழுதியவர்கள் எவரும் வெளியே வந்து பேச முன்வரவில்லை. சான்று இல்லாத குற்றச்சாட்டை வைத்துக்கொண்டிருக்க மனமின்றி, பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சொந்த நாட்டினரே அவரைக் கோழை என்று தூற்றினார்கள். பிற்காலத்தில் சட்டசபையில் கணக்கும் ஆண்டும் பக்கமும் காட்டாமல் அவர் எதையும் பேசாததற்கு இந்தக் காயமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

1899-இல் பம்பாய்ச் சட்டசபைக்கும், பின்பு வைசிராயின் இம்பீரியல் சட்டசபைக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1902-இல் அவர் ஆற்றிய முதல் வரவு செலவுப் பேச்சு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. கஜானாவில் பணம் மிஞ்சுகிறது, ஆகவே நாடு செழிக்கிறது என்றது அரசு. மக்கள் பஞ்சத்தில் வாடும்போது பணம் மிஞ்சுகிறதென்றால், வரி அளவுக்கு மீறி வாங்கப்படுகிறது என்பதே பொருள் என்று கோகலே கணக்குப் போட்டுக் காட்டினார். உப்பு வரியை அவர் ஆண்டுதோறும் விடாமல் தாக்கினார். மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாயாக இருந்த அந்த வரி 1903-இல் 2 ரூபாயாகவும், 1905-இல் ஒன்றரை ரூபாயாகவும், 1907-இல் ஒரு ரூபாயாகவும் இறங்கிற்று. அவர் ஒருவரால் மட்டுமே அது நடந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் நம் ஊருக்கு வடக்கே மரக்காணம் உப்பளங்களில் வெள்ளை வெள்ளையாய்க் குவித்திருக்கும் உப்பைப் பார்க்கும்போது, இதற்காகவும் ஒருவர் கல்கத்தாவில் எழுந்து நின்று பேசினாரே என்று எனக்குத் தோன்றும்.

இனி கடல் கடந்த கதைக்கு வருவோம்.

1860-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டுக் கரையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஆர்க்காட்டு மாவட்டங்களிலிருந்து போனவர்கள் ஏராளம். அக்காலத்தில் நம் பொம்மையார்பாளையமும் தென்னார்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. நமக்குப் பக்கத்திலுள்ள பாண்டிச்சேரியிலிருந்தோ பிரெஞ்சுக்காரர்கள் ரீயூனியன் தீவுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்களிடம் ஆள் சேர்ப்போர் வந்து ஆசை காட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கைரேகை வைத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள்.

ஒப்பந்தம் 5 ஆண்டுகளுக்கு. முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங் கூலி, பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயரும். வேலைக்கு வராவிட்டால் சம்பளப் பிடித்தம் மட்டுமல்ல, சிறைத் தண்டனையும் உண்டு. ஒப்பந்தம் முடிந்ததும் அங்கேயே தங்கி நிலம் உழவோ கடை வைக்கவோ விரும்பியவர்களை விரட்டுவதற்காக, 1895-இல் நேட்டால் அரசு தலைக்கு ஆண்டுக்கு 3 பவுன் வரி விதித்தது. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங் வாங்கும் தொழிலாளிக்கு அது நான்கு மாதக் கூலிக்கும் மேல்! பின்னர் இந்த வரி பிள்ளைகள் மீதும் விழுந்தது. ஆண்பிள்ளைக்கு 16 வயதும் பெண்பிள்ளைக்கு 13 வயதும் நிரம்பினால் வரி கட்ட வேண்டும். எங்கள் பத்தாம் வகுப்பு மாணவியர் அத்தனை பேரும் அங்கே வரி கட்ட வேண்டியவர்களாகியிருப்போம்.

இதைத் தடுக்க இந்தியச் சட்டசபையால் என்ன செய்ய முடியும்? நேர்மையாகச் சொன்னால், மிகக் கொஞ்சம்தான். இன்று வெளிநாடுகளோடு உடன்படிக்கை செய்வது மத்திய அமைச்சரவையின் வேலை என்றாலும், அந்த அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். நாட்டின் நிலத்தையே பிற நாட்டுக்குக் கொடுப்பதானால் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. வங்காள தேசத்தோடு எல்லைப் பகுதிகளை மாற்றிக்கொள்ள 2015-இல் நூறாவது திருத்தம் நிறைவேறியதும் இப்படித்தான். கோகலே காலத்தில் இதெல்லாம் கனவிலும் இல்லை. வைசிராய் யாருக்கும் அங்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். 1909-ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவரவே முடிந்தது. அதுவும் வெறும் சிபாரிசு. அதிகாரிகளின் கையே எண்ணிக்கையில் ஓங்கியிருந்தது. அந்நிய நாடுகளோடு அரசுக்குள்ள உறவைப் பற்றித் தீர்மானம் கொண்டுவர விதியே இடம் தரவில்லை.

ஆனால் நேட்டால் அந்நிய நாடு அல்லவே! அதுவும் பிரிட்டிஷ் காலனிதான். விதியில் இருந்த அந்த இடைவெளியின் வழியாகக் கோகலே நுழைந்தார். 1910 பிப்ரவரி 25-ஆம் நாள், நேட்டாலுக்குக் கூலி ஆள் சேர்ப்பதைத் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். அவர் பிடித்த பிடி எது என்பதைக் கவனியுங்கள். கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இரயில்வேக்கும் நம் ஆட்கள் வேண்டும், ஆனால் அவர்கள் குடிமக்களாக வாழக் கூடாது என்றது நேட்டால். அப்படியானால் ஆளே அனுப்ப மாட்டோம் என்பதுதான் கோகலேயின் பதில். கெஞ்சுவதை விட்டு, கொடுப்பதை நிறுத்துவது! அரசு அத்தீர்மானத்தை ஏற்றுக்கொண்டது. சட்டம் திருத்தப்பட்டு, 1911 ஜூலை 1 முதல் நேட்டாலுக்குக் கூலிக் கப்பல் நின்றது.

அத்தோடு அவர் விடவில்லை. மொரீஷியஸ், பிஜி, டிரினிடாட் என்று எந்த நாட்டுக்கும் ஒப்பந்தக் கூலி முறையே கூடாது என்று 1912 மார்ச் 4-ஆம் நாள் மற்றொரு தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவாக 22 வாக்குகள், எதிராக 33. தீர்மானம் தோற்றது. அதே மாதத்தில் அவருடைய கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவும் 13-க்கு 38 என்ற வாக்குகளில் தோற்றது. முதலில் ஆண்பிள்ளைகளையும் பிறகு பெண்பிள்ளைகளையும் பள்ளிக்குக் கொண்டுவர எண்ணிய மசோதா அது.

நீரிழிவு நோய் உடலை அரித்துக்கொண்டிருந்த நிலையிலும், அதே ஆண்டு அக்டோபரில் அவர் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். காந்தியடிகள் கூடவே இருந்து ஊர் ஊராக அழைத்துச் சென்றார். பிரிட்டோரியாவில் போத்தா, ஸ்மட்ஸ் முதலிய அமைச்சர்களைச் சந்தித்துவிட்டு வெளியே வந்த கோகலே, 3 பவுன் வரி ஒழிந்துவிடும் என்று நம்பினார். காந்தியடிகளுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர் ஐயுற்றபடியே, மறு ஆண்டு அந்த அரசு அப்படியொரு வாக்குறுதியே தரவில்லை என்றது.

அதன் பின்னர் எழுந்ததுதான் 1913-ஆம் ஆண்டின் பெரும் சத்தியாக்கிரகம். தமிழ்ப் பெண்கள் நியூகாசிலுக்குச் சென்று சுரங்கத் தொழிலாளரை வேலை நிறுத்தம் செய்யத் தூண்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறை புகுந்தனர். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 16. இங்கே கோகலே படுக்கையிலிருந்தபடியே தந்திகளை அனுப்பினார், நாடெங்கும் நிதி திரட்டினார், ஆண்டுரூஸ், பியர்சன் ஆகிய இருவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். நாடு முழுவதும் கொதித்ததைக் கண்ட வைசிராய் ஹார்டிஞ்சு, 1913 நவம்பரில் நம் சென்னையில் பேசும்போது சத்தியாக்கிரகிகளின் பக்கம் வெளிப்படையாக அனுதாபம் காட்டினார். ஒரு பிரிட்டிஷ் வைசிராய் மற்றொரு பிரிட்டிஷ் அரசைக் கண்டித்தது இலண்டனில் பலருக்குப் பிடிக்கவில்லை. 1914-இல் வரி ஒழிந்தது.

காந்தியடிகள் 1915 ஜனவரி 9-ஆம் நாள் பம்பாயில் வந்து இறங்கினார். அடுத்த மாதம் 19-ஆம் நாள் கோகலே மறைந்தார். 48 வயதுதான். அரசு கொடுக்க வந்த 'சர்' பட்டத்தை அதற்கு முந்தைய ஆண்டுதான் வேண்டாம் என்று மறுத்திருந்தார்.

1912-இல் தோற்ற தீர்மானத்தைப் போன்ற ஒன்றை 1916 மார்ச்சில் மதன் மோகன் மாளவியா அதே சட்டசபையில் கொண்டுவந்தபோது, அரசு எதிர்க்கவில்லை. 1917-இல் ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது.

கோகலே 1905-இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்துக்கு அவருக்குப் பின் தலைவரானவர் நம் தமிழ்நாட்டு வலங்கைமானைச் சேர்ந்த சீனிவாச சாஸ்திரியார். திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்தவர். 1927-இல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்காவில் இறங்கியவர் அவரே. அங்கே நம்மவர் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி இல்லாத குறையைக் கண்டு, ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார். அப்படி டர்பன் நகரில் எழுந்ததுதான் சாஸ்திரி கல்லூரி.