எண்ணெய் ஊற்றைத் திறந்த காப்டன் லூக்காஸ்

சேற்றில் கால் புதைந்துவிட்டது. வெடுக்கென்று இழுத்தால் வருமா? வராது. இழுக்க இழுக்கச் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். காலைச் சற்று ஆட்டி, பக்கத்தில் ஒரு சிறு சந்து உண்டாக்க வேண்டும். அந்தச் சந்து வழியே காற்றும் தண்ணீரும் உள்ளே போகும். பாதத்துக்கு மேலே உள்ள அழுத்தமும் கீழே உள்ள அழுத்தமும் சமமாகும். கால் சுலபமாக வந்துவிடும்.

வயலில் இறங்கியவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஆனால், ஆயிரம் அடி ஆழத்தில் ஓர் இரும்புக் குழாய் இப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அங்கே கையை விட முடியாது. கண்ணால் பார்க்கவும் முடியாது. கீழே என்ன நடக்கிறது என்பதைப் புத்தியால்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்த ஒருவர் காப்டன் அந்தோணி லூக்காஸ். பூமிக்குள் இருக்கும் அழுத்தத்தோடு போராடியே அவர் பெயர் எடுத்தார். அதே அழுத்தம் அவரிடம் இருந்த பணத்தையெல்லாம் ஒரு முறை விழுங்கியும் விட்டது.

கடற்படை வாலிபர்

லூக்காஸ் பிறந்தது 1855-ம் ஆண்டு. பிறந்த இடம் அட்ரியாட்டிக் கடலோரத்தில் உள்ள டால்மேஷியா. அப்போது அது ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்தது. இன்று குரோஷியா நாட்டில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் அந்துன் லூச்சிச். கப்பல் தொழில் செய்த குடும்பம்.

கிராஸ் நகரில் என்ஜினீயரிங் படித்தார். பிறகு ஆஸ்திரியக் கடற்படையில் சேர்ந்து அதிகாரி ஆனார். 1879-ல் ஆறு மாத லீவு எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனார். மிச்சிகன் மாநிலத்தில் அவருடைய சித்தப்பா இருந்தார். சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போனார். அங்கே ஒரு மர அறுவை ஆலையில் வேலை கிடைத்தது. லீவு முடிந்தது, திரும்பவில்லை. லீவை நீட்டினார், அதுவும் முடிந்தது. அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார்.

சித்தப்பா அங்கே லூக்காஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டிருந்தார். இவரும் அதையே வைத்துக்கொண்டார். 1885-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனார். 1887-ல் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த கரோலின் என்ற பெண்ணை மணந்தார். ஒரே ஒரு மகன் பிறந்தான். இந்தக் கரோலின் அம்மாளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் இல்லாவிட்டால் இந்தக் கதை பாதியிலேயே நின்றுபோயிருக்கும்.

உப்பு மலை

1893-ல் லூக்காஸ் லூயிசியானா மாநிலத்துக்கு உப்புச் சுரங்க வேலைக்குப் போனார். அங்கே கடலோரச் சதுப்பு நிலத்தில் ஆங்காங்கே சிறு மேடுகள் தெரியும். தோண்டினால் அடியில் உப்பு. சாதாரண உப்பு அல்ல. பூமிக்குள்ளேயே மலை போல் நிற்கும் கல்லுப்பு. பல இடங்களில் அவர் துளை போட்டுப் பார்த்தார். உப்போடு கந்தகமும், எரியும் வாயுவும், சில இடங்களில் எண்ணெய்க் கசிவும் தென்பட்டன.

அவர் யோசித்தார். அடியிலிருந்து உப்பு மேலே பிதுங்கி வரும்போது, மேலே உள்ள மண் அடுக்குகளைக் குடை போல் தூக்கிவிடுகிறது. அந்தக் குடைக்குக் கீழே எண்ணெய் வந்து தங்கியிருக்கலாம் அல்லவா? அன்று பெரிய படிப்புப் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. லூக்காஸ் விடவில்லை.

டெக்சாஸ் மாநிலத்தில் போமான்ட் என்று ஓர் ஊர். அதற்குத் தெற்கே சுமார் 15 அடி உயரமுள்ள ஒரு மேடு. ஸ்பிண்டில்டாப் என்று பெயர். அங்கே எண்ணெய் இருக்கிறது என்று ஹிக்கின்ஸ் என்பவர் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். ஒரு கையை இழந்தவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிறவர். மூன்று கிணறுகள் தோண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஊரார் சிரித்தார்கள். கடைசியில் அவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அதைப் பார்த்து வந்த ஒரே ஆள் லூக்காஸ்தான். 1899-ல் குத்தகை எழுதப்பட்டது.

முதல் தோல்வி

லூக்காஸ் தம் சொந்தப் பணத்தைப் போட்டுத் துளைக்கத் தொடங்கினார். 575 அடி வரை போனார். கொஞ்சம் கெட்டியான எண்ணெய் தலைகாட்டியது. அவ்வளவுதான்! பூமிக்குள் இருந்த வாயு நெருக்கியது. அந்த நெருக்கலில் இரும்புக் குழாய் தகர டப்பா போல் நசுங்கிப்போயிற்று. கிணறு பாழ். கையில் இருந்த காசும் கரைந்துவிட்டது.

ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் நிபுணர் வந்து பார்த்தார். இங்கே எண்ணெய் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அரசாங்கப் பூகர்ப்ப நிபுணரும் அதையே சொன்னார். வீட்டிலோ நாற்காலி, மேஜை எல்லாம் விலைக்குப் போயின. மரப்பெட்டிகளே நாற்காலி ஆயின. இன்னொரு பெண்ணாக இருந்தால் ஊருக்குத் திரும்பலாம் என்று அழுதிருப்பாள். கரோலின் அம்மாள் அழவில்லை. எடுத்த காரியத்தை விடக்கூடாது என்று கணவருக்குத் தைரியம் சொன்னார்.

டெக்சாஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பிலிப்ஸ் ஒருவர்தான் லூக்காஸ் சொல்வதில் பொருள் இருக்கிறது என்று நம்பினார். பிட்ஸ்பர்க் நகரின் எண்ணெய் முதலாளிகளான கஃபி, கேலி ஆகியோருக்கு அவரை அறிமுகம் செய்துவைத்தார். அவர்களுக்குப் பின்னால் மெல்லன் என்ற பெரும் பணக்காரக் குடும்பம் இருந்தது. பணம் வந்தது. ஆனால் நிபந்தனை கடுமை. லாபத்தில் லூக்காசுக்கு எட்டில் ஒரு பங்குதான். யோசனையும் உழைப்பும் பட்டினியும் அவருடையவை. எட்டில் ஏழு மற்றவர்களுக்கு! லூக்காஸ் சம்மதித்தார். வேறு வழி?

அழுத்தம் என்னும் அசுரன்

1900 அக்டோபர் 27-ல் புதிய கிணறு தொடங்கியது. துளைக்கும் வேலையை ஹாமில் சகோதரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜிம், ஆல், கர்ட் என்று மூன்று பேர். அடிக்கு 2 டாலர் கூலி.

துளை போடும் விதம் இதுதான். நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் மீன் வால் போன்ற ஓர் அலகு இருக்கும். நீராவி என்ஜின் குழாயைச் சுழற்றும். அலகு மண்ணை வெட்டும். குழாய்க்குள் தண்ணீரைப் பம்ப் செய்வார்கள். அது அடியில் வெளியேறி, வெட்டிய மண்ணை அள்ளிக்கொண்டு, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி வழியே மேலே வரும்.

நூறு அடி தாண்டியதும் மணல் அடுக்கு வந்தது. உமியைப் போல் சரிகிற மணல். தண்ணீர் அதற்குள் ஓடி மறைந்தது. துளையின் சுவர் சரிந்து குழாயைப் பிடித்துக்கொண்டது. அப்போது ஒரு யோசனை தோன்றியது. பக்கத்தில் ஒரு குட்டை வெட்டி, அதில் மாடுகளை இறக்கிக் கலக்கினார்கள் என்று சொல்வார்கள். அந்தச் சேற்று நீரைக் கிணற்றுக்குள் செலுத்தினார்கள். சேறு சுவரில் மெழுகியது போல் ஒட்டிக்கொண்டது. சாணம் மெழுகிய திண்ணை உதிராமல் இருப்பதைப் போல, மணலும் உதிராமல் நின்றது.

சேற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் எடை. ஆயிரம் அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், அடியில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும் சுமார் 430 ராத்தல் அழுத்தம் இருக்கும். சேறு தண்ணீரைவிடக் கனம். ஆகவே அழுத்தமும் அதிகம். பூமிக்குள் இருக்கும் வாயு மேலே வரப் பார்க்கும். சேறு அதன் தலையில் உட்கார்ந்து அமுக்கும். இரண்டும் தராசுத் தட்டுகள் மாதிரி.

சேற்றின் தட்டு அளவுக்கு மீறித் தாழ்ந்தால் என்ன ஆகும்? மணற்பாறையின் பக்கம் அழுத்தம் குறைவு. சேற்றின் பக்கம் அதிகம். சேறு குழாயைத் துளையின் சுவரோடு சேர்த்து அழுத்திவிடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் குழாய் நகராது. சேற்றில் புதைந்த கால் கதைதான். இந்தக் காரணத்தை என்ஜினீயர்கள் ஆராய்ந்து வெளியிட்டது 1950-களில்தான். அதற்கு ஒரு பரிகாரம், கனமான சேற்றில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு இலேசான திரவத்தை விடுவது. சேற்றின் அழுத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, பாறையின் அழுத்தத்துக்குச் சமமாக வரும். அப்போது சுவர் பிடியை விடும். ஆனால் ஜாக்கிரதை! கொஞ்சம் அதிகமாகக் குறைத்துவிட்டால் மறு தட்டு தாழ்ந்துவிடும். அடியில் உள்ள வாயு கிளம்பிவிடும்.

லூக்காசுக்கு வந்த தொல்லை இந்த இரண்டாவது வகை. அடியிலிருந்து வாயு மணலைத் தள்ளிக்கொண்டு குழாய்க்குள்ளேயே ஏறியது. குழாய் அடைபட்டது. சேறு கீழே போக வழியில்லை. கழுவி எடுத்தால் மறுபடியும் அடைத்தது. ஹாமில் சகோதரர்கள் கையைப் பிசைந்தார்கள்.

லூக்காஸ் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சைக்கிள் டியூபில் ஒரு வால்வு இருக்கிறதே, அது என்ன செய்கிறது? காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அதே மாதிரி ஒரு வழி வால்வு ஒன்றைக் குழாய்க்குள் வைத்தார். மேலிருந்து வரும் சேறு கதவைத் தள்ளிக்கொண்டு கீழே போகும். கீழிருந்து மணல் ஏறினால் கதவு மூடிக்கொள்ளும். அது பெரிய பட்டறையில் செய்த சாமான் அல்ல. கையில் கிடைத்த பெட்டிப் பலகையில் செய்தது! வேலை மீண்டும் நடந்தது.

1901 ஜனவரி 10

கிறிஸ்துமஸ் வந்தது. வேலையை நிறுத்தி, புத்தாண்டில் மீண்டும் தொடங்கினார்கள். சுமார் 1,020 அடியில் அலகு மழுங்கிப்போயிற்று. ஜனவரி 10, வியாழக்கிழமை காலை. புது அலகை மாட்டிக் குழாயை மறுபடி இறக்கிக்கொண்டிருந்தார்கள். 700 அடி இறங்கியிருக்கும். திடீரென்று சேறு கொதிப்பதுபோல் பொங்கியது.

கர்ட் சாரத்தின் உச்சியில் இருந்தார். கண்ணில் சேறு அடித்தது. தட்டுத் தடுமாறி இறங்கி ஓடினார். அடுத்த நிமிடம், பல டன் எடையுள்ள அந்த இரும்புக் குழாய் அம்பு போல் வானத்தில் பாய்ந்தது! சாரத்தின் உச்சியை உடைத்துக்கொண்டு போய்த் துண்டு துண்டாக விழுந்தது.

பிறகு ஒரே அமைதி. சகோதரர்கள் திரும்பி வந்து, நாசமான இயந்திரங்களின் மேல் கிடந்த சேற்றை வாரத் தொடங்கினார்கள். அப்போது பீரங்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம். சேறு பாய்ந்தது. வாயு பாய்ந்தது. அதன் பின்னால், கறுப்பாக, பச்சை மினுமினுப்போடு எண்ணெய் பாய்ந்தது. சாரத்தைத் தாண்டி நூறு அடிக்கு மேல் எழும்பியது.

லூக்காஸ் அப்போது ஊருக்குள் இருந்தார். செய்தி போயிற்று. குதிரை வண்டியை விரட்டிக்கொண்டு வந்தார். அது என்ன என்று அவருக்கே சட்டென்று புரியவில்லை. எண்ணெய் என்று ஆல் சொன்ன பிறகுதான் நம்பினார்.

நாள் ஒன்றுக்குச் சுமார் 1 லட்சம் பீப்பாய் வீணாகக் கொட்டியது. 1900-ல் அமெரிக்கா முழுவதும் ஆண்டு பூராவும் எடுத்த எண்ணெயே சுமார் 6 கோடியே 36 லட்சம் பீப்பாய்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாடு முழுவதும் ஒரு நாளில் எடுத்ததில் பாதிக்கும் மேல் இந்த ஒரே துளையில் வந்தது!

ஒன்பது நாள் ஓடியது. அதை மூடுவது எப்படி? பாய்ந்து வரும் ஊற்றின்மேல் நேராக மூடியை வைத்தால் அது பறந்துபோகும். ஆகவே வால்வைத் திறந்தபடியே பக்கவாட்டில் நகர்த்திக் குழாயின் மேல் கொண்டுவந்தார்கள். எண்ணெய் திறந்த வால்வு வழியே தாராளமாக மேலே போயிற்று. வால்வைக் குழாயோடு முடுக்கிய பிறகு மெல்ல மூடினார்கள். இங்கேயும் அழுத்தத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. அதற்கு வழிவிட்டே கட்டினார்கள். பிறகு வால்வைச் சுற்றி மணலைக் குவித்துவைத்தார்கள். மார்ச் மாதம், தேங்கி நின்ற எண்ணெயில் தீப்பிடித்தபோது கிணற்றைக் காப்பாற்றியது அந்த மணல்தான்.

பிறகு

ஒன்பதாயிரம் பேர் இருந்த போமான்ட் நகரில் ஐம்பதாயிரம் பேர் வரை குவிந்தார்கள். ஒரு பீப்பாய் எண்ணெய் 3 சென்ட் விலைக்கு வந்தது. குடிதண்ணீர் அதைவிட விலை! பிற்காலத்தில் கல்ஃப், டெக்சாகோ என்று பெரிதாக வளர்ந்த கம்பெனிகள் அந்த மேட்டில்தான் வேர்விட்டன. ஹிக்கின்ஸ் தம்மை ஒதுக்கியதற்காக வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்தது. பக்கத்திலேயே கிணறு தோண்டி அவரும் பணக்காரர் ஆனார்.

மேட்டின்மேல் சாரங்கள் காடு போல் முளைத்தன. ஒன்றுக்கொன்று தொட்டுக்கொள்ளும்படி கிணறுகள். எல்லாரும் ஒரே சமயத்தில் உறிஞ்சினார்கள். எண்ணெயை மேலே தள்ளிய வாயுவின் அழுத்தம் வீணாகப் போயிற்று. 1902-ல் 1 கோடியே 70 லட்சம் பீப்பாய்க்கு மேல் கொடுத்த இடம், 1904-ல் நாளைக்குப் பத்தாயிரம் பீப்பாய்க்கு இறங்கிவிட்டது. அதைப் பார்க்க வந்த லூக்காஸ், பசுவை அளவுக்கு மீறிக் கறந்துவிட்டார்கள், அதுவும் புத்தி இல்லாமல் கறந்தார்கள் என்று வருத்தப்பட்டார்.

அவர் தம் பங்கை முன்பே விற்றுவிட்டிருந்தார். மெக்சிகோவில் சில ஆண்டுகள் எண்ணெய் தேடினார். பிறகு வாஷிங்டன் நகரில் குடியேறி, பல நாட்டுக் கம்பெனிகளுக்கு யோசனை சொல்லும் என்ஜினீயராக இருந்தார். 1921 செப்டம்பர் 2-ந்தேதி காலமானார். அமெரிக்கச் சுரங்க என்ஜினீயர் சங்கம் 1936-ல் அவர் பெயரால் ஒரு தங்கப் பதக்கம் ஏற்படுத்தியது.

1941-ல் ஸ்பிண்டில்டாப்பில் 58 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்று நட்டார்கள். பிற்காலத்தில் அங்கே பூமிக்குள்ளிருந்து கந்தகத்தையும் எடுத்தார்கள். உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டதால் தரை உள்வாங்கியது. மேடு இருந்த இடம் பள்ளமாயிற்று. தூணைப் பெயர்த்து எடுத்து, போமான்ட் நகரில் உள்ள பொருட்காட்சிசாலையின் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.