சர்க்கரைத் தண்ணீர் வீரர்!

உங்களில் பலருக்கும் வீட்டில் ஒரு செல்லப் பெயர் இருக்கும். பள்ளியில் நண்பர்கள் வைத்த பட்டப் பெயரும் இருக்கும். அமெரிக்காவில் ஒரு கூடைப்பந்து வீரருக்கு, 'சர்க்கரைத் தண்ணீர்' என்பதே பட்டப் பெயர். உலகமே அவரை அந்தப் பெயரால்தான் அறிந்திருக்கிறது. ஆங்கிலத்தில், 'ஸ்வீட்வாட்டர்!' முழுப் பெயர், நாட் 'ஸ்வீட்வாட்டர்' கிளிப்டன். அவரது கதையைத் தெரிந்துகொள்வோமா?

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஆர்கன்சா மாநிலத்தில், 1922 அக்டோபர் 13ல் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அந்தக் காலத்தில் அங்கே, கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி. வெள்ளையர் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி. பஸ்சில் உட்காரும் இடம்கூட வேறு வேறு. இவர் சிறுவனாக இருந்தபோதே, குடும்பம் வடக்கே சிகாகோ நகருக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே மற்ற பிள்ளைகள் கடையில் கலர் வாங்கிக் குடிப்பர். இவருக்கும் ஆசைதான். ஆனால், காசு? வீட்டில் தண்ணீரில் சர்க்கரையைக் கலந்து, பாட்டிலில் ஊற்றிக் குடிப்பார். அதைப் பார்த்த பிள்ளைகள் வைத்த பெயர்தான், ஸ்வீட்வாட்டர். ஏழ்மையைச் சொல்லும் அந்தப் பெயரை, அவர் கடைசி வரை மறைக்கவே இல்லை.

பெயரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இவரது குடும்பப் பெயர், நதானியேல். முதல் பெயர்தான் கிளிப்டன். உயர்நிலைப் பள்ளியில் இவர் பிரமாதமாக விளையாடத் தொடங்கியதும், பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு சிக்கல். நதானியேல் என்ற பெயர் தலைப்பில் அடங்காத அளவுக்கு நீளம். எனவே, பெயரைத் திருப்பிப் போட்டு, நாட் கிளிப்டன் ஆகிவிட்டார்!

ஆறரை அடி உயரம். பந்தை ஒரே கையால் அலாக்காகத் தூக்கும் அளவுக்குப் பெரிய கைகள். கல்லூரியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது; ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் பணியாற்றினார். திரும்பி வந்ததும், விளையாட்டையே தொழிலாக எடுத்துக்கொண்டார்.

ஆனால், எங்கே போய் விளையாடுவது? 1946ல் தொடங்கிய பெரிய கூடைப்பந்து லீக் ஒன்று இருந்தது. இன்று, 'என்.பி.ஏ.' என்று நாம் டி.வி.யில் பார்க்கிறோமே, அதேதான். அதில் கறுப்பின வீரர் ஒருவர்கூட கிடையாது. ஆகவே, கறுப்பின வீரர்கள் மட்டுமே ஆடிய, 'நியூயார்க் ரென்ஸ்' அணியில் விளையாடினார் கிளிப்டன். பிறகு, 1948ல், 'ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ்' அணியில் சேர்ந்தார்.

குளோப்டிராட்டர்ஸ் ஆட்டம் எப்படி இருக்கும் தெரியுமா? பந்தை விரல் நுனியில் பம்பரம் போல் சுற்றுவர். முதுகுக்குப் பின்னால் வீசுவர். எதிரணி வீரரைத் திணறடித்து, பார்ப்பவர்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பர். சர்க்கஸும் விளையாட்டும் கலந்த ஆட்டம் அது. ஊர் ஊராகப் பயணம். கோடையில் கூடைப்பந்து இல்லாதபோதும் கிளிப்டன் சும்மா இருக்கவில்லை. பேஸ்பால் அணிகளில் சேர்ந்து அதையும் ஆடினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள் குட்டீஸ். குளோப்டிராட்டர்ஸ் அணியைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். என்.பி.ஏ. போட்டிகளுக்கோ அப்போது அவ்வளவு கூட்டம் வராது. அதனால், ஒரே நாளில், ஒரே அரங்கில், குளோப்டிராட்டர்ஸ் ஆட்டத்தையும் சேர்த்து வைத்து, டிக்கெட் விற்றனர். கறுப்பின வீரர்களின் ஆட்டத்தைக் காட்டி காசு பார்க்கலாம். ஆனால், அவர்களைத் தங்கள் அணியில் மட்டும் சேர்க்கக் கூடாது! என்ன நியாயம் இது?

1947ல் பேஸ்பாலில், ஜாக்கி ராபின்சன் என்ற வீரர் இந்த நிறத் தடையை உடைத்தார். கூடைப்பந்தில் அது நடக்க, 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு, மூன்று கறுப்பின வீரர்களுக்கு என்.பி.ஏ. கதவு திறந்தது. சக் கூப்பர், பாஸ்டன் அணிக்குத் தேர்வானார். ஏர்ல் லாயிட், வாஷிங்டன் அணிக்குப் போனார். கிளிப்டனை, 'நியூயார்க் நிக்ஸ்' அணி, குளோப்டிராட்டர்ஸ் உரிமையாளர் ஏப் சேப்பர்ஸ்டீனிடம் இருந்து விலைக்கு வாங்கியது. விலை, 12,500 டாலர். அதில் கிளிப்டன் கைக்கு வந்ததோ, 2,500 டாலர்தான். ஓடியதும், குதித்ததும், வியர்வை சிந்தியதும் அவர். பெரும்பங்கு போனது வேறொருவருக்கு.

1950 அக்டோபர் 31ல் லாயிட் முதலில் களமிறங்கினார். அடுத்த நாள் கூப்பர். சில நாட்களில் கிளிப்டன். மூவரும் சில நாள் இடைவெளியில், ஒரு பெரிய பூட்டை உடைத்துவிட்டனர்.

கதவு திறந்துவிட்டது, ஆனால், உள்ளே எல்லாமே இனிப்பாக இல்லை. வெளியூர்களில் சில ஓட்டல்கள், கறுப்பின வீரர்களுக்கு அறை தர மறுத்தன. சக வீரர்கள் ஒரு இடத்தில் தங்க, இவர்கள் வேறு இடம் தேடிப் போக வேண்டும். ஆட்டத்திலும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ரசிகர்களை மயக்கிய அந்த வித்தைகளை எல்லாம் கிளிப்டன் மூட்டை கட்டி வைக்க வேண்டியதாயிற்று. எதிரணியின் உயரமான வீரர்களைத் தடுப்பது. கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தை எம்பிப் பிடிப்பது. பிடித்த பந்தை, புள்ளி எடுக்கப் போகும் சக வீரரிடம் கொடுப்பது. இதுதான் அவரது வேலை.

நீங்களே சொல்லுங்கள்... உங்களுக்கு நன்றாக நடனம் ஆடத் தெரியும். ஆனால், பள்ளி விழாவில், திரையை இழுக்கும் வேலையை மட்டும் கொடுத்தால் எப்படி இருக்கும்? கிளிப்டனுக்கும் அந்த ஏக்கம் இருந்தது. ஆனாலும், கொடுத்த வேலையை முகம் சுளிக்காமல் செய்தார்.

அவர் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, நிக்ஸ் அணி இறுதிச் சுற்றுக்குப் போனது. எதிரணி, ரோசெஸ்டர் ராயல்ஸ். ஏழு ஆட்டங்களில், நான்கில் வென்றால் கோப்பை. முதல் மூன்றிலும் நிக்ஸ் தோற்றது. எல்லாம் முடிந்தது என்று பலரும் நினைத்தபோது, அடுத்த மூன்றிலும் வென்று சமன் செய்தது! கடைசி ஆட்டத்தில், 79 - 75 என்று வெறும் நான்கு புள்ளியில் கோப்பை கை நழுவியது. 1952, 1953லும் இறுதிச் சுற்று. இரண்டு முறையும் மின்னியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியிடம் தோல்வி. கிளிப்டனுக்கு என்.பி.ஏ. கோப்பை கடைசி வரை கிட்டவே இல்லை.

சாம்பியன் பட்டம் கிடைக்காவிட்டாலும், 1957ல் வேறொரு பெருமை தேடி வந்தது. சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும், 'ஆல் ஸ்டார்' போட்டிக்குத் தேர்வானார். அப்போது அவருக்கு வயது 34. பல வீரர்கள் ஓய்வு பெறும் வயதில், முதல் முறையாக அந்த மரியாதை!

அதே 1957ல், நிக்ஸ் அணி அவரை பிஸ்டன்ஸ் அணிக்குக் கொடுத்தது. டெட்ராய்ட் நகரில் ஒரு சீசன் ஆடியதோடு, என்.பி.ஏ. வாழ்க்கை முடிந்தது. மொத்தம் எட்டு சீசன்கள், 544 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு சராசரியாக, 10 புள்ளிகள். திரும்பி வந்த பந்தைப் பிடித்தது, எட்டு முறை.

அதன்பின்னும் பந்தை விடவில்லை. மீண்டும் ஊர் ஊராகச் சுற்றும் அணிகளில் சேர்ந்தார். 1961ல், ஒரு புதிய லீக் தொடங்கியது. அதில், சிகாகோ அணிக்காக ஆடினார். தொலைவில் இருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்ற விதியை, தொழில்முறை கூடைப்பந்தில் முதலில் கொண்டு வந்தது இந்த லீக்தான். இதைத் தொடங்கியவர் யார் தெரியுமா? 12,500 டாலருக்கு கிளிப்டனை விற்ற அதே சேப்பர்ஸ்டீன்! ஆனால், 1962 முடியும்போது அந்த லீக்கும் இழுத்து மூடப்பட்டது.

முழங்காலில் அடிபட்டது, விளையாட்டு நின்றது. இன்று என்.பி.ஏ. வீரர்கள் கோடி கோடியாகச் சம்பாதிக்கின்றனர். அன்று அப்படி இல்லை. பிழைக்க வேண்டுமே! சிகாகோ தெருக்களில் டாக்சி ஓட்டத் தொடங்கினார் கிளிப்டன். பல ஆண்டுகள் ஓட்டினார். பின்சீட்டில் ஏறிய எத்தனையோ பேருக்கு, ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் அந்தப் பெரிய கைகள் யாருடையவை என்று தெரிந்திருக்காது.

1990 ஆகஸ்ட் 31ல், சிகாகோவில் மாரடைப்பால் இறந்தார். கடைசி நாள் வரை அவர் டாக்சி டிரைவர்தான். வயது, 67.

பிறகு, மெல்ல மெல்ல உலகம் அவரை நினைத்துப் பார்த்தது. நற்பணி செய்வோருக்கு, அவர் பெயரில் விருது கொடுக்கத் தொடங்கியது நிக்ஸ் அணி. கூடைப்பந்து பிறந்த ஊரான ஸ்பிரிங்பீல்டில், மிகச் சிறந்த வீரர்களுக்கான, 'ஹால் ஆப் பேம்' என்ற கவுரவ அரங்கு உள்ளது. 2014ல் அவரது பெயர் அங்கே இடம்பெற்றது. 2023ல் அவரது கதை, 'ஸ்வீட்வாட்டர்' என்ற திரைப்படமாகவும் வந்தது. எல்லாமே அவர் கண்ணை மூடிய பிறகு!

அவருக்கு நடந்தது நியாயமா, குட்டீஸ்? இல்லை. அதை இல்லை என்று சொல்லப் பழகுவதும் ஒரு பாடம்தான். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இன்று என்.பி.ஏ.வில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் கறுப்பின வீரர்கள். 1950ல் வந்த அந்த மூவரும் சோர்ந்து போய்த் திரும்பியிருந்தால், பின்னால் வந்தவர்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திருக்கும்?

அடுத்த முறை மைதானத்தில் விளையாடும்போது, கோல் போட்டவரை மட்டும் தோளில் தூக்காதீர்கள். பந்தைக் கொடுத்தவர் எங்கே நிற்கிறார் என்றும் தேடிப் பாருங்கள். அங்கே ஒரு சர்க்கரைத் தண்ணீர்க்காரர் நின்றுகொண்டிருப்பார்!